பூட்டிக் கிடக்கும் இரண்டு வகுப்பறைகள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
செயலாளர்,
மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல்நேர மையம்,
வெண்ணாற்றங்கரைக் கிராமம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நாள்: 17.11.2025, திங்கள்கிழமை (மக்கள் குறைதீர்க்கும் நாள்)

பொருள்: பயன்பாட்டில் இல்லாத பழைய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக் கட்டடத்தை ஆய்வு செய்ய உத்தரவிடவும், தகுதியாக இருந்தால் அதன் இரண்டு வகுப்பறைகளை எங்கள் மையம் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்களுடையது பெரிய தொண்டு நிறுவனம் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்து ஆறு பேர் நடத்திவரும் சின்ன அமைப்பு. இரண்டு சிறப்பு ஆசிரியைகள், உதவிக்கு ஓர் அக்கா, மீதி மூன்று பேர் பெற்றோர். அந்த மூவரில் நானும் ஒருவன். சுற்றுவட்டாரத்தில் ஒன்பது கிராமங்களிலிருந்து 26 குழந்தைகள் எங்களிடம் வருகிறார்கள். மூளை முடக்குவாதம், செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை.

எங்களைச் சிறப்புப் பள்ளி என்று நினைத்துக்கொண்டு பலரும் விசாரிக்கிறார்கள். அப்படி இல்லை. 26 பேரில் 15 பேர் அவரவர் ஊர் அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள். மாலை நாலு மணிக்கு மேலும் சனிக்கிழமைகளிலும் இங்கே வந்து, வகுப்பில் விட்டதைப் பிடிக்கிறார்கள். பள்ளிக்கு இன்னும் போக முடியாத 11 பேர் காலையில் வருகிறார்கள். உட்கார, சாப்பிட, கழிப்பறை போக வேண்டும் என்று சொல்ல, பென்சில் பிடிக்க – இதுதான் அவர்களுக்குப் பாடம். காலைக் குழுவிலிருந்து ஒரு பிள்ளையை ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அந்த வருடம் எங்களுக்குத் தீபாவளிதான். ஐந்து ஆண்டுகளில் நாலு பேரை ஏற்றியிருக்கிறோம். குறைவாகத் தெரியலாம். ஒவ்வொருவருக்கும் பின்னால் எத்தனை மாத உழைப்பு என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த நாலு பேரில் ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போது ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. மூளை முடக்குவாதம். சாதாரண பெஞ்சில் உட்கார வைத்தால் இடப்பக்கம் சரிந்துவிடுவான். எங்கள் ஊர்த் தச்சரிடம் சொல்லி ஒரு நாற்காலி செய்தோம். இரண்டு பக்கமும் மார்பு உயரத்துக்குப் பலகை, கால் வைக்க ஒரு கட்டை, முன்னால் அரைவட்டமாக வெட்டிய மேசை. பென்சிலில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கொடுத்தால் பிடி நழுவாது. 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூலில் ஒரு பக்கத்தை முடிக்க மற்றப் பிள்ளைகளைவிட மூன்று மடங்கு நேரம் எடுப்பான். ஆனால் முடிப்பான். மனக்கணக்கில் இப்போது வகுப்பிலேயே அவன்தான் கெட்டி என்று ஆசிரியை சொன்னதைக் கேட்டு அவன் அப்பத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சரி, இப்போது எங்கள் கஷ்டத்துக்கு வருகிறேன்.

மையம் ஒரு வாடகை வீட்டில் நடக்கிறது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆறு வருடமாக வாடகையை ஏற்றவே இல்லை. அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறார். தை பிறந்ததும் வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதில் அவர் மேல் எங்களுக்கு வருத்தம் ஏதும் இல்லை. அந்த வீடும் எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டிய வீடு இல்லை. வாசலில் மூன்று படி. கழிப்பறைக் கதவு 20 அங்குலம், எங்களிடம் உள்ள சக்கர நாற்காலிகளில் ஒன்றுகூட அதற்குள் நுழையாது. உள்ளே தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். உதவியாளர் அக்காவுக்கு வயது 52, இடுப்பு வலி வந்துவிட்டது.

வேறு வீடு தேடி மூன்று மாதமாக அலைகிறோம். எந்தப் பிள்ளைகள் என்று கேட்கும்வரை நன்றாகப் பேசுகிறார்கள். சொன்னதும், "யோசிச்சுச் சொல்றோம்" என்கிறார்கள். ஒரு வீட்டில் மட்டும் நேராகவே சொன்னார்கள்: "வீட்டுக்கு ஆகாதுன்னு பெரியவங்க சொல்றாங்க, தப்பா எடுத்துக்காதீங்க." தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு என் மகளும் என் கூடத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் எங்கள் ஊராட்சியில் உள்ள பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தைக் கேட்கிறோம். அதே வளாகத்தில் புதுக் கட்டடம் கட்டிப் பள்ளி அங்கே போய் ஆறு வருடம் ஆகிறது. பழையதில் இரண்டு வகுப்பறைகள், முன்னால் ஒரு வராந்தா, கான்கிரீட் தளம். சுவரில் உள்ள கல்வெட்டில் 1996 என்று இருக்கிறது. இப்போது உடைந்த பெஞ்சுகளும் பழைய சத்துணவுப் பாத்திரங்களும் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஐயா, இங்கே ஒன்றைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் ஊர் வாக்குச்சாவடி இந்தப் பழைய கட்டடத்தில்தான் இருந்தது. வாக்குச்சாவடிக்குச் சாய்தளம் வேண்டும் என்பதால் அப்போது அவசரமாக ஒன்று கட்டினார்கள். கட்டிய கொத்தனார் விவரமானவர். ஓர் அடி உயரத் திண்ணைக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட்டுக் கட்டியிருக்கிறார். விதிமுறை சொல்வதும் அதே கணக்குதான். என் மகள் அதில் யார் உதவியும் இல்லாமல் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஏறினாள், நான் பின்னால் வெறுங்கையோடு நடந்தேன். புதுக் கட்டடத்தின் சாய்தளத்தையும் டேப் வைத்து அளந்தோம். ஒன்றரை அடி உயரம், நாலரை அடி நீளம். பதினெட்டு அடி இருக்க வேண்டிய இடம் அது. பெரியவர் ஒருவர் தள்ளினாலே முன்சக்கரம் தூக்குகிறது. இறங்கும்போது பிள்ளையைத் திருப்பிப் பின்பக்கமாகத்தான் இறக்குகிறோம். ஆக, எங்கள் ஊரில் சக்கர நாற்காலி ஒழுங்காக ஏறக்கூடிய ஒரே பொதுக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது.

இதற்கு முன் நாங்கள் சும்மா இருக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 15 கிராம சபையில் விண்ணப்பம் கொடுத்தோம். எதிர்ப்பில்லாமல் தீர்மானம் நிறைவேறியது. அன்றைய ஊராட்சித் தலைவரும் ஒன்றியத்துக்குப் பரிந்துரைத்தார். 2025 ஜனவரியில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அதிலிருந்து கோப்பு நகரவில்லை. ஓர் அலுவலகத்தில், பள்ளி வளாகம் என்பதால் கல்வித் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், கட்டடம் ஒன்றியத்துடையது, நாங்கள் சொல்ல என்ன இருக்கிறது என்றார்கள். இரண்டு இடத்திலும் கட்டடத்தின் உறுதித்தன்மைச் சான்று கேட்டார்கள். அந்தச் சான்றுக்குப் பொறியாளர் வர வேண்டும், பொறியாளர் வர அலுவலகத்திலிருந்து கடிதம் போக வேண்டும். கோப்பு எங்கே என்று கேட்டால் "டேபிள்ல இருக்கு" என்று பதில் வருகிறது. எந்த டேபிள் என்றுதான் பதினைந்து மாதமாகத் தெரியவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பழைய பள்ளிக் கட்டடம் என்றாலே அலுவலர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஓடத் தெரியாத பிள்ளைகளை வைத்திருக்கும் எங்களுக்கு அந்தப் பயம் அவர்களைவிட அதிகம். அதனால்தான் முதலில் கட்டடத்தைக் கேட்காமல் ஆய்வைக் கேட்கிறோம். பொறியாளர் வந்து தளத்தையும் சுவரையும் பார்த்து எழுத்தில் சொல்லட்டும். தகுதியில்லை என்றால் அந்தப் பக்கம் நாங்களே பிள்ளைகளை விட மாட்டோம்.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் மனுவில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் பிரிவு 16 கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, கட்டடத்தை அவர்களும் புழங்கும்படி வைக்க வேண்டும் என்கிறது. பிரிவு 27 மறுவாழ்வுப் பணிகளை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தம் பொருளாதார வசதிக்கு உட்பட்டுச் செய்ய வேண்டும் என்கிறது. நாங்கள் கேட்பதில் பொருளாதாரமே வரவில்லை, ஒரு சாவிதான் வருகிறது.

கட்டடம் கிடைத்தால் இன்னொன்றும் நடக்கும். இப்போது பிசியோதெரபிக்கு வாரம் ஒரு நாள் வட்டார வள மையத்துக்குப் போகிறோம். 14 கிலோமீட்டர், இரண்டு பஸ். நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை என்பது பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. ஆனால் பஸ் மெயின் ரோட்டில் நிற்கும். வீட்டிலிருந்து அதுவரைக்கும், இறங்கிய இடத்திலிருந்து வள மையம் வரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மேலே சொன்ன பையன் 24 கிலோ. அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வேலைத்தளத்தில் காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். மதியத்துக்கு வந்து நின்றாலும் அன்றைய வருகை போச்சு. பிள்ளையின் காலா, அன்றைய கூலியா என்று வாராவாரம் அவர் யோசிக்கிறார். மழைக்காலத்தில் கூலிதான் ஜெயிக்கிறது. போன வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பயிற்சி விட்டுப்போய் அவன் முழங்கால் தசை மறுபடி இறுகிவிட்டது. அதை நீட்டி எடுக்க மாசி வரை ஆனது.

நடைபயிற்சிக்கான இணைக் கம்பிகளும் நிற்கவைக்கும் சட்டமும் எங்களிடம் இருக்கின்றன. மாட்ட இடமில்லாமல் ஒரு பெற்றோர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். அந்த வராந்தா அதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது இயன்முறை மருத்துவர் எங்கள் ஊருக்கே வந்துபோக ஏற்பாடு செய்தால், நடுவில் உள்ள நாட்களில் அவர் சொல்லிக்கொடுத்ததை எங்கள் ஆசிரியைகள் செய்து விடுவார்கள்.

பணம் கேட்கவில்லை. கட்டடத்தின் மேல் எந்த உரிமையும் கோரவில்லை. மூன்று வருட ஒப்பந்தம் போதும். மின்கட்டணம், வெள்ளையடிப்பது, கழிப்பறைக் கதவை அகலமாக்குவது எல்லாம் எங்கள் செலவு. தேர்தல் வந்தால் முதல்நாளே காலி செய்து சாவியைக் கொடுத்துவிடுவோம். பள்ளிக்கே வகுப்பறை தேவைப்பட்டாலும் ஒரு மாத அவகாசத்தில் விட்டுவிடுகிறோம் என்று முத்திரைத்தாளில் எழுதித் தரத் தயார். பள்ளித் தலைமையாசிரியரும் சம்மதம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார். எங்கள் பிள்ளைகளும் அதே வளாகத்தில் இருந்தால் இடைவேளையில் ஒன்றாக விளையாடலாமே என்பது அவர் சொன்னது. எங்களுக்கும் உள்ளூர அதுதான் ஆசை.

அப்புறம், வந்ததற்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளில் ஏழு பேருக்கு இன்னும் தனித்துவ அடையாள அட்டை கிடைக்கவில்லை. அட்டை இல்லாமல் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. அடுத்த மருத்துவ முகாமில் இந்த ஏழு பேரையும் ஒரே நாளில் பார்க்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குச் சொன்னால் உதவியாக இருக்கும். பெயர்ப் பட்டியலைத் தனியாக இணைத்திருக்கிறேன்.

ஆகவே, மார்கழி முடிவதற்குள் பொறியாளரை அனுப்பிப் பழைய பள்ளிக் கட்டடத்தை ஆய்வு செய்யவும், அறிக்கை சாதகமாக இருந்தால் இரண்டு வகுப்பறைகளை எங்களுக்குப் பயன்பாட்டுக்கு அளிக்கவும் உரிய அலுவலர்களுக்கு உத்தரவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கொடுக்க முடியாது என்றாலும் அதை எழுத்தில் தெரிவித்தால் போதும், வேறு இடம் பார்க்க எங்களுக்கு நாள் கிடைக்கும். ஊராட்சியின் சமுதாயக்கூடத்தைத் தற்காலிகமாகத் தந்தாலும் சரி. அதற்கு நாலு படி, ஒரு பலகை போட்டுச் சமாளித்துக்கொள்வோம்.

தங்களுக்கு நேரம் கிடைத்தால் ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் மையத்துக்கு வாருங்கள் ஐயா. அன்றைக்குத்தான் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள். கார் வாசல் வரை வராது, அரசமரத்தடியில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும்.

இணைப்பு: கிராம சபைத் தீர்மான நகல், தலைமையாசிரியரின் கடிதம், சங்கப் பதிவுச் சான்று, இரண்டு சாய்தளங்களின் அளவுகளும் புகைப்படங்களும், ஏழு பிள்ளைகளின் பட்டியல், 26 பெற்றோரின் கையொப்பங்கள் (எட்டு பேர் கைரேகை).

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்