ஜாதகத்தோடு ரத்த ரிப்போர்ட் கேட்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வரன் பேசும்போது ஜாதகத்தோடு தலசீமியா (பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வரும் ரத்த நோய்) ரிப்போர்ட்டும் கேட்கும் வீடுகள் உண்டு. கேட்பது நல்லதுதான். ஆனால் அந்த ரத்தத்தை எப்படி எடுக்கிறோம், வரும் தாள் யார் கைக்குப் போகிறது என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

நகரத்தார் வீடுகளில், ஒரே கோயில் பிரிவில் பெண் எடுப்பதில்லை, அதனால் பயமில்லை என்பார்கள். கோயில் தகப்பன் வழியில் வருவது. அம்மான் மகளுக்குக் கோயில் வேறுதான். ஆனால் அவளுக்கு அப்பத்தா யாரோ, அவர்தான் பையனுக்கு ஆயா. அந்த ஆயாவிடம் வெளியே தெரியாமல் இருந்த ஒரு கோளாறு மரபணு இரண்டு பக்கமும் இறங்கியிருக்கலாம். முறைப்பெண் கட்டும் எந்தச் சமூகத்துக்கும் இதே கணக்குதான். உறவே இல்லாத இருவரும் கேரியராக (நோய் இல்லாமல் கோளாறு மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருக்க முடியும் என்பதால், அசலில் சம்பந்தம் செய்பவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது.

பரிசோதனை எளிது. ஊதா மூடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் போதும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. இயந்திரத்தில் ஓட்டுவார்கள். ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின் ஏ2 என்ற வரி. 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக பீட்டா தலசீமியா கேரியர். 3.3, 3.4 என்று எல்லையில் நின்றால்தான் சிக்கல். இரும்புச்சத்துக் குறைவு ஏ2 அளவைக் கீழே இழுத்துவிடும். ரத்தசோகை உள்ள பெண் கேரியராக இருந்தும் 'நார்மல்' என்று வந்துவிடலாம். உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மரபணுப் பரிசோதனைக்கே போக வேண்டும். கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தாலும் முடிவை நம்பக்கூடாது. நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஓடி வந்தால் இதற்கெல்லாம் நேரம் ஏது? வரன் பார்க்கத் தொடங்கும் முன்பே, பையனும் பெண்ணும் அவரவர் தெரிந்துகொள்வதற்காக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியது இது.

கேரியர் நோயாளி அல்ல. ஒருவர் மட்டும் கேரியராக இருந்தால் பிள்ளைக்குத் தலசீமியா நோய் வராது. இருவருமே கேரியர் என்றால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அவர்களுக்கும் வழி இருக்கிறது: 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். பதிவு பெற்ற மையத்தில்தான் செய்ய வேண்டும். கருவைச் சோதிப்பதைக் கட்டுப்படுத்தும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் எழுத்துச் சம்மதம் வாங்கி, நகலை அவள் கையில் தர வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். மாமியாரோ கணவரோ அல்ல.

கல்யாணத்துக்கு முன் எடுக்கும் ரத்தத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. 'ஹீமோகுளோபின் பார்க்க' என்று மட்டும் சொல்லிப் பெண்ணைக் கூட்டி வருகிறார்கள். ரிப்போர்ட்டைச் சித்தப்பா வாங்குகிறார், தரகருக்குப் படம் போகிறது, அங்கிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு. மேலே பெயரும் வயதும், கீழே தடித்த எழுத்தில் 'தலசீமியா மைனர்', அதாவது கேரியர். அந்த ஒரு படத்தில் தங்கையின் வரனும் தட்டிப்போகும். ஏனென்றால் அக்காள் கேரியர் என்றால் தங்கைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தங்கையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானப் பத்திரத்தில் இரு தரப்பு இசைவையும் எழுத்தில் வாங்கும் ஊர் இது. ஊசி குத்தப்படும் கைக்குரியவளிடமும் இசைவு கேட்க வேண்டாமா?

எச்.ஐ.வி.க்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விஷயத்தை விளக்கிச் சம்மதம் பெறாமல் சோதிக்கக்கூடாது, முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும், வேலையில் பாகுபாடு கூடாது. அதே கையில் எடுத்த ரத்தத்தில் மரபணு பார்த்தால் அப்படியொரு தனிச்சட்டக் காப்பு இல்லை. 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம், இதயத்தசை நோய் பற்றிய ஒரு வழக்கில், 'மரபணுக் கோளாறு' என்று பொத்தாம்பொதுவாக மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்றது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அந்த விலக்கைக் காட்டிப் பணம் மறுக்க வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு எழுதியது. அது காப்பீட்டு விஷயம். வரன் சந்தையில் அலையும் தாளுக்கு அது உதவாது. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டமும் மரபணுத் தகவலைத் தனி வகையாகப் பிரித்துக் காக்கவில்லை. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

சட்டம் வரும்வரை லேப்காரர்கள் செய்யக்கூடியவை உண்டு. சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சடியுங்கள். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லி, எதற்கு எடுக்கிறோம் என்று பெண்ணிடம் தனியே சொல்லுங்கள். ஒரே குடும்பத்தில் நாலு பேர் வந்தால், குழாயில் பெயரை ரத்தம் எடுத்த இடத்திலேயே, அவர் எதிரிலேயே ஒட்டுங்கள். மாறினால் இரண்டு பேர் வாழ்க்கை மாறும். ரிப்போர்ட்டை உறையில் ஒட்டி, சோதித்துக்கொண்டவர் கையில் மட்டும் கொடுங்கள். பில் கட்டியவர் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
காரைக்குடி