செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: மித்தி ஆற்றோரக் குடியிருப்புகள், குர்லா, மும்பை

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொங்கல் விழாவும் புத்தக வங்கியும் வழக்கம்போல் நடந்தன. இந்த அறிக்கை பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியது.

2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது. அதன் பிறகு எந்த வெள்ளத்தையும் மழையின் கணக்கிலேயே எழுதிப் பழகிவிட்டோம். 2025 ஆகஸ்ட் 19-இல் மித்தி 3.9 மீட்டரைத் தொட்டு, கிராந்தி நகர் மக்களை வெளியேற்ற வேண்டி வந்த அன்று, நம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் முதலில் ஏறியது கழிப்பறையிலும் மோரியிலும் (குளிக்கும், துவைக்கும் இடம்)தான். மித்தி கடலில் சேரும் மாஹிமில் கடல் ஏறினால் அது வடியாது. மித்தி வடியாவிட்டால் அதில் விழும் நாலாவும் (பெரிய வடிகால்) கட்டரும் (சாக்கடை) பின்னோக்கி ஓடும். நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கு, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்துக்குக் கட்டப்பட்டவை.

அதனால் முதல் வேலையாகக் கழிவுநீர்க் குழாய்களில், தண்ணீரை வெளியே விட்டுத் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு பொருத்தினோம். எல்லா வீட்டுக் குழாய்களும் சேர்ந்தபின், மாநகராட்சிக் குழாய்க்குச் சற்று முன்னால் உள்ள கடைசிச் சேம்பரே (மூடியுள்ள கழிவுநீர்த் தொட்டி) அதற்கு இடம். வால்வின் மடல் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சேம்பர் மூடியைச் சிமெண்டால் பூசிவிடாதீர்கள். தலைமுடி, பால் கவர், டயப்பர் எல்லாம் கீலில் சிக்கும். மடல் பாதி திறந்தபடி நின்றால் வால்வு இருந்தும் இல்லாததுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொக்கியால் மடலைத் தூக்கிவிட்டுப் பாருங்கள், தானாக விழ வேண்டும். விஷவாயு உண்டு, யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

வால்வு மூடியிருக்கும்போது நம் கழிவுநீரும் வெளியேறாது. மாடியில் ஓடும் வாஷிங் மெஷின் தண்ணீர் தரைத்தளக் கழிப்பறையில்தான் பொங்கும். இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை.

இரண்டாவது, மாடியில் விழும் மழை உடனே கட்டருக்குப் போகாமல் பிடித்து வைக்கும் மொட்டைமாடி மழைநீர்த் தொட்டி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை ஒரு லிட்டர். 300 சதுர மீட்டர் மாடியில் மணிக்கு 50 மி.மீ. பெய்தால் 15,000 லிட்டர்; 10,000 லிட்டர் தொட்டி 40 நிமிடம் தாங்கும். தொட்டி காலியாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு. துவைக்க ஆகும் என்று நிரப்பியே வைத்திருக்கிறோம். மாநகராட்சி அறிவிக்கும் 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களுக்கு முந்தைய இரவே, கடல் வற்றும் நேரம் பார்த்துத் திறந்துவிட வேண்டும்.

மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி கேட்டவர்களுக்கு: ஆற்றோரம் களிமண், நிலத்தடி நீரும் மேலேயே நிற்கிறது. இங்கே வெட்டும் குழி கொசு வளர்க்கத்தான் உதவும். மேட்டுப் பகுதிக்கு அது நல்ல யோசனை. தெருவை உயர்த்தும் கோரிக்கையையும் செயற்குழு ஆதரிக்கவில்லை. தெரு உயர்ந்த அளவுக்குத் தரைத்தள வீடுகள் பள்ளமாகும்.

நல்ல தண்ணீர் சேமிக்கும் தரைத்தொட்டிகளின் மூடி விளிம்பை வெள்ளக் கோட்டுக்கு மேல் உயர்த்தியாயிற்று. சில கட்டடங்களில் நிரம்பி வழியும் குழாயை மறந்துவிட்டார்கள். அது தாழ இருந்தால் சாக்கடை அதன் வழியே உள்ளே வரும். அப்படி வந்துவிட்டால் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்பி, 1,000 லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து 12 மணி நேரம் விட்டு, அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட வேண்டும். பழைய பாக்கெட் பவுடர் வீரியம் இழந்திருக்கும். வெள்ளநீரில் நடந்தவர்கள், காலில் புண் இருந்தால் கண்டிப்பாக, 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு.

மீட்டர் பெட்டிகளை உயர்த்தும் வேலை பாதியில் நிற்கிறது. மின் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் தொட முடியாது, விண்ணப்பம் போயிருக்கிறது.

கடல் மிக ஏறியிருக்கும் நேரத்தில் மழை பெய்தால் மாடி வீடுகளில் வாஷிங் மெஷின் ஓட்டக் கூடாது என்ற தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. சென்ற கூட்டத்தில் எதிர்த்தவர்களில் தரைத்தளத்துக்காரர் ஒருவர்கூட இல்லை என்பதையும் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன்.

— செயலாளர்