காப்பீட்டு ஆணையத்துக்கு: வேகஸ் நரம்புத் தூண்டலையும் பட்டியலில் சேருங்கள்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2019 செப்டம்பரில் நீங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று, காப்பீட்டு நிறுவனங்கள் விலக்கி வைக்கக் கூடாத 12 நவீன சிகிச்சைகள். மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டும் டிபிஎஸ் அதில் உண்டு, வலிப்பைக் குறைக்கக் கழுத்து நரம்பை மின்சாரத்தால் தூண்டும் வேகஸ் நரம்புத் தூண்டல் இல்லை. மற்றொன்று, பாலிசி எடுக்கும்போதே இருந்தால் நிரந்தரமாக விலக்கி வைக்கலாம் என்று நீங்கள் அனுமதித்த நோய்கள். அதில் வலிப்பு நோய் இருந்தது.

எங்கள் வீட்டுப் பையனுக்கு வலிப்பு வந்தது பாலிசி எடுத்துப் பல வருடம் கழித்து. ஆகவே இரண்டாவது பட்டியல் எங்களைத் தொடவில்லை. முதல் பட்டியல்தான் தொட்டது. வேகஸ் தூண்டலுக்குப் பணம் கேட்டால், "பட்டியலில் இல்லாத சிகிச்சை" என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நிலை இதுதான். வலிப்பு கிளம்பும் இடம் மூளையில் தெளிவாகத் தெரிந்தால் அறுவை சிகிச்சைதான் முதலில். அந்த இடம் பிடிபடாதவர்களுக்கும், பிடிபட்டும் வெட்டி எடுக்க முடியாதவர்களுக்கும் வேகஸ் தூண்டல் ஒரு வழி. நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் போல ஒரு கருவி, அதிலிருந்து கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்புக்கு ஒரு கம்பி. வழக்கமாக 30 விநாடி தூண்டும், 5 நிமிடம் ஓயும், இரவும் பகலும். வலிப்பு வரப்போவது தெரிந்தால் கருவியின் மேல் காந்தத்தை ஒருமுறை காட்டினால் கூடுதலாக ஒரு தூண்டல் கிடைக்கும்.

முழுக் குணம் என்று யாரும் சொல்லவில்லை. வலிப்பு அறவே நிற்பது சிலருக்குத்தான். ஓரிரு வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எண்ணிக்கை பாதியாகவோ அதைவிடவோ குறைகிறது. தூண்டும் நேரத்தில் குரல் கரகரக்கும், இருமல் வரும். தினமும் விழுந்து அடிபடுகிற பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அந்தப் 'பாதி' எவ்வளவு பெரிது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சோதனை முயற்சி என்றும் இதைத் தள்ள முடியாது. மனிதருக்கு முதலில் பொருத்தியது 1988-இல். மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்தது 1997-இல். வலிப்புக்கான டிபிஎஸ்ஸுக்கு அதே எஃப்டிஏ ஒப்புதல் தந்தது 2018-இல்தான். பின்னால் வந்தது பட்டியலில் ஏறிவிட்டது, முன்னால் வந்தது வெளியே நிற்கிறது!

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். வேகஸ் நரம்புத் தூண்டலைப் பெயர் சொல்லிச் சேருங்கள். பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை செய்து கருவியை மாற்ற வேண்டும். அந்தச் செலவும் அதே சிகிச்சையின் தொடர்ச்சிதான் என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் தனியாக ஒரு சண்டை போட வேண்டிவரும். அப்புறம், வலிப்பு நோய்க்கு நிரந்தர விலக்கு இனிக் கிடையாது என்று ஒரு வரியில் தெளிவாக அறிவியுங்கள். 2024-இல் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 48 மாதத்திலிருந்து 36 ஆகக் குறைத்தீர்கள், நல்லது. ஆனால் கட்டுக்கு அடங்காத வலிப்பில் திடீர் மரண அபாயமும் உண்டு. மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அந்த 36 மாதத்தையும் இன்னும் குறைக்க முடியுமா என்று நரம்பியல் மருத்துவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
பாலிசிதாரர் ஒருவர்