கிழக்கே பார்த்து நின்று வாசி

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

வாலிபர் வேதபாட வகுப்பில் நான்கு வாரம் ‘வேதத்தில் திசைகள்’ எடுக்கப்போகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்துபோனது. போனில் சொன்னால் பாதி நழுவிவிடும். வேதாகமத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இதைப் படி.

முதல் வாரம் பாடத்தைத் தொடங்குமுன் எல்லாரையும் எழுப்பிக் கிழக்கே பார்த்து நிற்க வை. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் கிழக்கு ‘கேதெம்’. முன்பக்கம், ஆதிகாலம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. வலது கை ‘யாமீன்’, தெற்கும் அதுவே. இடது கைப்பக்கம் வடக்கு. மேற்குக்கு ‘யாம்’, அதாவது கடல். அந்த நாட்டுக்கு மத்தியதரைக் கடல் மேற்கேதான் கிடக்கிறது. வடமொழியில் தட்சிணம் என்ற சொல்லுக்கும் வலது, தெற்கு இரண்டும் பொருள்தான். தமிழ் வேறு கணக்கில் போகிறது: மலைப்பக்கம் மேல், கடல்பக்கம் கீழ். மதுரையில் கீழமாசி வீதி, மேலமாசி வீதி என்று சொல்லும்போதெல்லாம் நிலத்தின் சரிவைத்தான் சொல்கிறோம். அதனால் நம் பிள்ளைகளுக்குக் கிழக்கு என்றால் கீழே, வரைபடத்தில் மேலே இருப்பது வடக்கு. எபிரேயனுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது கிழக்கு. வரைபடத்தை அச்செடுத்து இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பிக் கொடு. கிழக்கு மேலே வந்துவிடும்.

நம் ஊர் வழக்கமும் குறுக்கே வரும். தெற்கு எமன் திசை என்று கேட்டு வளர்ந்தவர்கள் வேதத்திலும் அதைத் தேடுவார்கள். அங்கே தெற்கு வலது கை, பலத்தின் பக்கம். ஆதியாகமம் 35:18-இல் யாக்கோபு பென்யமீன் என்று பெயரிடுகிறான், வலது கையின் மகன்.

அடுத்தது கிழக்கே போகிற பாதை. ஏதேனிலிருந்து துரத்தப்பட்டதும் தோட்டத்துக்குக் கிழக்கே கேருபீன்கள் என்ற தூதர்கள் காவல் நிற்கின்றன (ஆதியாகமம் 3:24). காயீன் ஏதேனுக்குக் கிழக்கே நோத் தேசத்தில் குடியிருக்கிறான் (4:16). லோத்து கிழக்கே பிரயாணப்பட்டு சோதோமை நெருங்குகிறான் (13:11). பாபேல் கதையில்தான் தடுக்கும். நம் பழைய மொழிபெயர்ப்பில் 11:2 ‘கிழக்கேயிருந்து’ என்று இருக்கும். 13:11-இலும் எபிரேயத்தில் அதே ‘மிக்கேதெம்’தான், ஆனால் தமிழில் ‘கிழக்கே’ என்று வருகிறது. அந்தச் சொல் ‘கிழக்கிலிருந்து’, ‘கிழக்கே’ என்று இரண்டு பக்கமும் சாயும். யாராவது கேட்டால் இதைச் சொல், மழுப்பாதே.

வெளியே போகும் வழி கிழக்கு என்றால், உள்ளே வரும் வழி மேற்கு நோக்கியது. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தை வாயால் சொல்லாமல் மொட்டைமாடியில் கயிறு கட்டிக் காட்டு. யாத்திராகமம் 27-இன்படி பிராகாரம் 100 முழ நீளம், 50 முழ அகலம். கிழக்குப் பக்கத்தில் வாசல் திரை 20 முழம், அதற்கு இரண்டு புறமும் 15, 15 முழம் தொங்குதிரை. பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 10 முழம், 5 முழம், வாசல் 2 முழம், இரு புறமும் ஒன்றரை ஒன்றரை. ஒரே ஆள் கையால் அளக்க வேண்டும். பூக்கடையில் கை மாறினால் மல்லிகை முழம் மாறுவது உனக்குத் தெரியும், இங்கேயும் கை மாறினால் கயிறு மூலையில் சேராது. கட்டி முடித்ததும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பார். சமமாக, 11 முழத்துக்குச் சற்று மேலே வந்தால் மூலைமட்டம் சரி.

கிழக்கு வாசலால் உள்ளே போகிறவனுக்கு முகம் மேற்கே. சமுகத்தப்ப மேசை வடபக்கம், குத்துவிளக்கு தென்பக்கம் (26:35). அப்படியானால் விளக்கு அவன் இடது கையில். பலர் தெற்கு வலது என்று மனப்பாடம் பண்ணிவிட்டு விளக்கை எதிர்ப்பக்கம் வைத்துவிடுவார்கள். மேற்கே மகா பரிசுத்த ஸ்தலத்திலிருந்து வாசலைப் பார்த்தால்தான் விளக்கு வலது பக்கம் வரும். பிள்ளைகளை ஒவ்வொருவராக அந்த முனையில் நிறுத்தி வாசல் பக்கம் பார்க்கச் சொல். எத்தனை பிரசங்கம் கேட்டாலும் வராத தெளிவு அதில் வரும்.

எசேக்கியேல் 8:16-ஐ விட்டுவிடாதே. ஏறக்குறைய 25 பேர் ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சூரியனை வணங்குகிறார்கள். கர்த்தருடைய மகிமை ஆலயத்தை விட்டுப் போவதும் கிழக்கு வாசல் வழியாக (10:19), திரும்பி வருவதும் கிழக்கிலிருந்து (43:2). திசை ஒன்றுதான். எதற்கு முதுகைக் காட்டுகிறோம் என்பதில்தான் காரியம். நம் சபைகளில் கோயில் கட்டும் கமிட்டிகளில் ஈசானிய மூலை, வாஸ்து என்று பேச்சு எழும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கும். அப்படி யாராவது கேட்டால் இந்த அதிகாரத்தையே வாசித்துக் காட்டு.

வடக்கைச் சுருக்கமாக முடி. எரேமியா 1:13-இல் பொங்குகிற பானை. பால் பொங்குகிற பக்கம் பார்த்து நல்லது சொல்கிற ஊர் நாம், அங்கே அது படையெடுப்பின் அடையாளம். பாபிலோன் இருப்பது கிழக்கே, ஆனால் இடையில் பாலைவனம். சேனை ஐப்பிராத்து நதியோரமாக மேலேறி வடக்கிலிருந்துதான் இறங்க முடியும்.

ஆதிச் சபை கிழக்கே பார்த்து ஜெபித்தது. 4-ஆம் நூற்றாண்டு எருசலேமில் ஞானஸ்நானம் பெறுகிறவர் மேற்கே பார்த்துச் சாத்தானை மறுத்துவிட்டு, கிழக்கே திரும்பி அறிக்கை செய்ததாக ஆயர் சிரில் சொல்லியிருக்கிறார். கிழக்கு நோக்கிய கிறிஸ்தவ ஆலயம் எருசலேமைப் பார்க்கிறது என்று சொல்வது தவறு. ஐரோப்பாவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கம், அதனால் குழப்பம் தெரியாது. மதுரையில் எருசலேம் வடமேற்கே, கிழக்கு என்பது சிவகங்கைப் பக்கம். தானியேல் ஜன்னலைத் திறந்தது எருசலேமுக்கு நேராக (6:10), அது வேறு வழக்கம்.

கல்லறையிலும் தலை மேற்கே, கால் கிழக்கே வைப்பது பழைய முறை, எழும்பும்போது முகம் கிழக்கே இருக்கும் என்று. கிறிஸ்துமஸ் நாளில் சூரியன் உதிக்கிற இடத்தைப் பார்த்துக் குழியைக் கோடு போட்டால் நம் ஊரில் தெற்கே சுமார் 24 பாகை விலகும். ஆறடிக் குழியில் கால்மாடு இரண்டரை அடி அளவுக்குத் தள்ளிப்போகும். நேர்கிழக்கில் உதிப்பது மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநாட்களில் மட்டும். போனில் இருக்கிற திசைகாட்டி இரும்புக் கிராதி பக்கம் போனால் பொய் சொல்லும். பாண்டியன் அரண்மனைக்குக் கோல் நட்டு நிழல் பார்த்துக் கயிறு பிடித்ததை நெடுநல்வாடை சொல்கிறது, அந்த வழியே போதும். சமதரையில் இரண்டடிக் கம்பைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடு. அதைச் சுற்றி இரண்டடி ஆரத்தில் வட்டம் போடு. காலையில் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடம் மேற்கு, பிற்பகலில் தொடும் இடம் கிழக்கு. இரண்டையும் சேர்த்தால் கோடு கிடைத்துவிடும். கம்பு சாய்ந்தால் எல்லாம் சாயும்.

நான்காம் வாரம் சுவிசேஷம் பரவியது. சூரியனைப்போல அது கிழக்கிலிருந்து மேற்கே போனது என்று சொல்கிறவர்களை அப்போஸ்தலர் 2:9-இலேயே நிறுத்து. பட்டியல் தொடங்குவதே பார்த்தர், மேதர், ஏலாமீத்தர் என்று கிழக்கத்தியரோடுதான். 8-ஆம் அதிகாரத்தில் பிலிப்பு தெற்கே காசா வழிக்கு அனுப்பப்படுகிறான். அங்கே அவன் சந்திப்பது எத்தியோப்பிய ராணி கந்தாகேயின் மந்திரியை. அந்த எத்தியோப்பியா இன்றைய சூடான் பக்கத்து மெரோவே ராஜ்யம். 16-இல் பவுலுக்கு ஆசியா தடை, பித்தினியா தடை, அதனால்தான் துரோவாவிலிருந்து மக்கெதோனியாவுக்குக் கடல் தாண்டுகிறான். அந்த ஆசியா எபேசுவைச் சுற்றிய ரோம மாகாணம், நம் கண்டம் என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் பார்த்துக்கொள். கிழக்கே எதெஸ்ஸா (இன்றைய துருக்கியில்), பாரசீகம் தாண்டி 635-இல் அலோபென் என்ற மிஷனரி அன்றைய சீனத் தலைநகரை, இன்றைய சியானை அடைந்தார். 781-இல் நட்ட கல்வெட்டு அதைச் சொல்கிறது, சியானில் இன்றும் இருக்கிறது. தோமா 52-இல் கொடுங்கல்லூரில் இறங்கினார் என்பது கேரளச் சபைகளின் பாரம்பரியம், பாரம்பரியம் என்றே சொல்.

ஒரு தெர்மாகோல் அட்டையில் வரைபடத்தை ஒட்டி, எருசலேமில் குண்டூசி குத்தி, நான்கு நிற நூல் கட்டு. கடைசி நூல் மதுரைக்கு. 1542-இல் இயேசு சபைக் குரு சவேரியார் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதே சபையின் நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். அதே சபையின் பிரித்தோ 1693-இல் ஓரியூரில் இரத்தசாட்சியானார். 1834-இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி இங்கே வேலை தொடங்கினார்கள். எருசலேமிலிருந்து மேற்கே அமெரிக்கா போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் வழியாக வரும் அந்த நூல் நம் ஊருக்குள் எந்தப் பக்கமாக நுழைகிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல். யாழ்ப்பாணம் மதுரைக்கு ஏறக்குறைய நேர்கிழக்கு.

அன்புடன்
அம்மா