பிரியாணி விருந்து அரை மணி, சுட்டுத் தின்கிற விருந்து ராத்திரி வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே பார்பிக்யூ செய்வது, அதாவது கரி அடுப்பில் சுட்டுச் சாப்பிடுவது பற்றி வந்த கட்டுரையையும், அதற்கு அடுத்த வாரம் "இது நம்ம ஊருக்கு ஒத்துவராத பணக்காரப் பழக்கம்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். இரண்டு பேரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. கட்டுரை எழுதியவர் மூடி போட்ட அடுப்பு, இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி, ஆலிவ் எண்ணெய், ரோஸ்மேரி இலை என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார், அதைப் பார்த்தால் காவேரிப்பட்டணத்தில் எவனும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவான். கடிதம் எழுதியவரோ அந்தப் பட்டியலை அப்படியே நம்பிக்கொண்டு கோபப்படுகிறார்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் சுட்டுத் தின்னாத ஆள் யாராவது இருக்கிறார்களா, சொல்லுங்கள். களி கிண்டிய அடுப்பில் மிச்சமிருக்கும் தணலில் கருவாட்டைப் போட்டு எடுத்துத் தட்டிவிட்டுத் தின்றவர்கள்தானே நாம். கடலைக்காய் பிடுங்குகிற நாளில் காட்டிலேயே சருகைக் கூட்டிக் கொளுத்தி, சாம்பலுக்குள் விரலை விட்டுத் துழாவி, வாயெல்லாம் கரியாக்கிக்கொண்டு தின்போம். ராகிக் கதிர் பால் பிடித்து முற்றுகிற பதத்தில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டுத் தின்கிற ருசி இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கிவந்து, கம்பியில் குத்தி வாட்டி, உப்பும் மிளகும் தூவி, ரத்தம் ஊறும் என்று பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பார் எங்கள் ஆயா. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் ஆளுக்கு ஒரு துணுக்கு கிடைக்கும். இதையெல்லாம் செய்த ஊருக்குப் பார்பிக்யூ ஒத்துவராதாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சொந்தக்காரர்களையும் சிநேகிதர்களையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதில் கரி அடுப்புக்கு இருக்கிற சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது, அதற்குக் காரணம் அது மெதுவாக நடக்கிற வேலை என்பது. பிரியாணி போட்டு ஆளைக் கூப்பிடுங்கள், தம் உடைத்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள், ஒரே நேரத்தில் கை கழுவுவார்கள், அரை மணியில் "சரிங்க, காலையில வேலை இருக்கு" என்று வண்டிச் சாவியைத் தேடுவார்கள். சமைத்தவர் பின்கட்டில் வியர்த்துக்கொண்டு நிற்பார், அவரோடு யாரும் நின்று பேசியிருக்க மாட்டார்கள். கரி அடுப்பில் இந்த அவசரம் நடக்காது. கம்பி வலையில் ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டுதான் பிடிக்கும், அது வேக நேரம் ஆகும், முதல் ஈடு பிள்ளைகளுக்குப் போய்விடும், இரண்டாவது ஈடு வயசானவர்களுக்கு, நம் முறை வரும்வரை நின்று பேசிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. டிவி பக்கம் போகவும் மனசு வராது, போனால் துண்டு போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் கிணற்றுப் பங்கில் மனஸ்தாபம் வந்து என் அண்ணனும் பெரியப்பா மகனும் வெகு காலம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். கல்யாணம் காட்சி என்றால் ஆளுக்கொரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பொங்கலை ஒட்டி வரும் கரிநாள் அன்று தோப்பில் அடுப்பு மூட்டியபோது இரண்டு பேரும் வந்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் நின்றார்கள், ஆனால் ஒரே அடுப்பு. "ஏப்பா, அந்தப் பக்கம் கருகுது பாரு, திருப்பு" என்று பெரியப்பா மகன் சொல்ல, அண்ணன் இடுக்கியை எடுத்துத் திருப்பினார். கிணற்றுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பேச்சு நின்றுபோகவில்லை.

இன்னொன்று, எங்கள் பக்கம் முனியப்பனுக்குக் கிடா வெட்டினால் ஆண்கள்தான் சமைப்பார்கள், அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் வருவதில்லை. அதே ஆள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுக்க மாட்டார். மொட்டைமாடியில் அடுப்பு மூட்டுகிற அன்றைக்கு இந்த வழக்கம் கொஞ்சம் மாறுகிறது. மசாலா தடவுவது, கரி பிடிக்க வைப்பது, விசிறுவது, கடைசியில் வலையைத் தேய்த்துக் கழுவுவது வரை எல்லாம் எங்கள் வேலை. என் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "இது வேகலை, இன்னொரு புரட்டு" என்று அதிகாரம் பண்ணுவார்கள். அந்த அதிகாரத்தைக் கேட்பதற்காகவே அடுப்பு மூட்டலாம். (வலையைக் கழுவாமல் மறுநாள் காலையில் பெண்கள் தலையில் கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடாதீர்கள்.)

செலவு விஷயத்துக்கு வருகிறேன். இன்று கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற அந்த உருண்டை மூடி அடுப்பு இருக்கிறதே, அது 1952-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த உலோகப் பட்டறையில் தண்ணீரில் மிதக்கவிடும் இரும்பு மிதவையை இரண்டாக வெட்டிச் செய்தது. அவர் வீட்டு அடுப்பில் காற்று அடித்துச் சாம்பல் பறந்து சாப்பாட்டில் விழுந்த எரிச்சலில் மூடி போட்டார், அவ்வளவுதான். நம்மூர் வெல்டிங் பட்டறைக்காரருக்கு அது அரை நாள் வேலை. அதுவும் வேண்டாம் என்றால் நான்கு ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி மேலே ஒரு கம்பி வலை போட்டால் அடுப்பு ரெடி. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ரசாயனம் வந்த டிரம்மை வெட்டி அடுப்பாக்கக் கூடாது, துத்தநாகப் பூச்சு பூசிய வேலிக் கம்பியை வலையாகப் போடக் கூடாது, சூட்டில் அந்தப் பூச்சு புகையாகக் கிளம்பும், அது உடம்புக்கு ஆகாது.

கரிக்கு நாம் எங்கே அலைய வேண்டும்? தென்னை இருக்கிற வீட்டில் கொட்டாங்குச்சி குவிந்து கிடக்கிறது, மாந்தோப்பில் அறுவடை முடிந்து கவாத்து பண்ணினால் விறகு கிடைக்கிறது, புளியமரத்துக்கும் இந்த ஜில்லாவில் பஞ்சமில்லை. பற்றவைக்க நாலு கற்பூர வில்லையும் ஒரு கைப்பிடி தேங்காய் நாரும் போதும், மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த நாற்றம் கறியில் ஏறிக்கொண்டு கடைசித் துண்டு வரை போகாது. எங்கள் வீட்டில் எப்போதும் நடக்கிற சண்டை, எப்போது கறியைப் போடுவது என்பதுதான். இளவட்டங்கள் தீ எரியும்போதே போட்டுவிடப் பார்ப்பார்கள். தீ அடங்கி, கரி மேல் சாம்பல் வெள்ளையாகப் படிந்து, உள்ளே சிவப்பாகக் கனலும்போது போட வேண்டும். கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்தால் இன்னும் நல்லது, கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் துண்டை மறுபக்கம் நகர்த்திக்கொள்ளலாம். புகை வாசனை என்று நாம் ரசிப்பதில் பெரும் பங்கு அந்தக் கொழுப்பு தணலில் விழுந்து பொசுங்குவதில் வருவதுதான், நல்ல கரிக்கென்று பெரிய வாசனை கிடையாது.

மசாலாவை அள்ளி அப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கறியின் மேல்புறம் பழுப்பாக மாறிப் பொன்முறுவல் வர 140 டிகிரியாவது சூடு ஏற வேண்டும், தண்ணீரோ 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், ஆகவே ஈரம் சொட்டச் சொட்டப் போட்டால் கறி அவியத்தான் செய்யும், சுடாது. தயிரில் ஊறியதை வழித்துவிட்டுப் போடுங்கள். ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காயை அரைத்துத் தடவினால் பஞ்சாகும், ஆனால் ராத்திரி முழுக்க ஊறவிட்டால் குழைந்து கம்பியில் நிற்காது, ஒரு மணி நேரம் தாராளம். வெல்லமோ தேனோ சேர்ப்பதாக இருந்தால் கடைசியில் தடவுங்கள், முதலிலேயே தடவினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். கோழியில் எலும்பை ஒட்டிக் கீறிப் பார்த்து ரத்தச் சிவப்பு துளி இருந்தாலும் மறுபடி வலைக்குப் போக வேண்டும், பிள்ளைகள் சாப்பிடுகிற விஷயத்தில் அவசரம் கூடாது.

நாட்டுக்கோழிதான் உசத்தி என்று வரிந்துகட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்னைத் திட்டினாலும் சரி, சுடுவதற்குப் பிராய்லர்தான் லாயக்கு. நாட்டுக்கோழியைக் குழம்பு வைத்து ராகிக் களியோடு சாப்பிடுங்கள், அதற்கு ஈடு இல்லை, தணலில் போட்டால் செருப்புத் தோலாகிவிடும். ஆட்டுக்கும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையிலோ ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையிலோ பார்த்து வாங்குகிறவர்கள் இளங்குட்டியாகப் பார்த்து வாங்கி, தொடைக்கறியையும் ஈரலையும் சுடுவதற்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் குழம்புக்குக் கொடுத்துவிடலாம். மீன் என்றால் என் ஓட்டு கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை ஜிலேபி மீனுக்கு. வயிற்றுக்குள் பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி நசுக்கிவைத்து, வாழை இலையில் சுற்றித் தணலில் வைத்தால் இலை கருகும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள். ஒகேனக்கல்லில் ஆற்றோரம் மீனை வாங்கிக் கொடுத்தால் மசாலா போட்டுப் பொரித்துக் கொடுக்கும் அக்காமார்கள் இருக்கிறார்கள், அந்த மசாலாவுக்கு நான் அடிமை, இருந்தாலும் எண்ணெயில் பொரித்ததும் தணலில் சுட்டதும் வேறு வேறு. தொட்டுக்கொள்ள மாங்காய்ச் சீசனில் பெங்களூரா மாங்காயை நீளவாக்கில் நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள் போட்டால் போதும், எந்த சாஸும் வேண்டியதில்லை.

சைவக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டு ஓரமாக உட்காரவைத்துத் தயிர்சாதம் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வலை சுத்தமாக இருக்கும்போது அவர்கள் ஈடுதான் முதலில் ஏற வேண்டும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், காளான், அன்னாசிப் பழம், எல்லாமே தணலில் அருமையாக வரும். அப்புறம் பக்கத்து வீடு. நம் புகை அவர்கள் காயப்போட்ட துணிக்குப் போகத்தான் செய்யும், சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டு, வரச் சொல்லியும் கூப்பிட்டுவிட்டால் புகார் வராது, நான் பார்த்தவரை ஆள்தான் கூடுதலாக வரும்.

பாட்டில் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஒரு பாட்டில் வந்துவிட்டால் பெண்களும் பிள்ளைகளும் கீழே இறங்கிவிடுவார்கள், அப்புறம் அது நாலு ஆம்பளைகள் குடிக்கிற இடம், கறி சைடு டிஷ் ஆகிவிடும். நெருப்புப் பக்கத்தில் தள்ளாடுகிற ஆள் நிற்பதும் எனக்குப் பிடிக்காது.

கரி அடுப்பை எக்காரணம் கொண்டும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். மழை வந்துவிட்டது, குளிராக இருக்கிறது என்று உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் ஆபத்து. கனல் அடங்கியது போலத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொடைக்கானலில் 2024-ல் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு அடுப்பை அறைக்குள் வைத்தபடி தூங்கிய இளைஞர்கள் இறந்துபோனது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஓசூர், தளிப் பக்கம் தை மாதக் குளிரில் இந்த ஆசை வரும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றிவிட்டுப் படுக்கப் போங்கள்.

அதேபோல பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போகிற வழியிலும், அஞ்செட்டிப் பக்கத்திலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் காட்டுக்குள் அடுப்பு மூட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். அதோடு அந்த வனத்தில் பெரும் பகுதியை 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், யானை நடமாடும் இடம், மாசி, பங்குனியில் மூங்கில் புதர் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். சுட்டுச் சாப்பிட மொட்டைமாடி இருக்கிறது, தோப்பு இருக்கிறது, அறுத்த வயல் இருக்கிறது.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. அடுத்த தடவை இந்த விஷயத்தைப் பற்றி உங்கள் இணைப்பில் போடும்போது அந்த ரோஸ்மேரியை எடுத்துவிட்டு, சுவரொட்டி வாட்டுவது எப்படி என்று ஒரு நாலு வரி போடுங்கள். கடிதம் எழுதிய அந்த வாசகர் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் சொல்லி அனுப்பட்டும், கரிநாளுக்கு எங்கள் தோப்பில் அடுப்பு எரியும், ஆனால் முதல் ஈடு பிள்ளைகளுக்குத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.