அந்த சந்திரசேகர் வேற, இந்த சந்திரசேகர் வேற

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல தினமும் ஒரு ஓரமா தலைவர்கள், அறிஞர்கள் பிறந்தநாள் நினைவுநாள் போடறீங்க இல்லையா, நல்ல விஷயம் தான், ஆனா பாதி நாள் அதுல வெறும் பேரு தான் இருக்கு. சந்திரசேகர்னு போட்டிருந்தா எந்த சந்திரசேகர், சுப்பிரமணியம்னா எந்த சுப்பிரமணியம்னு படிக்கறவங்களே யூகிச்சுக்கணும். பேருக்கு முன்னாடி இனிஷியல், அந்த இனிஷியலோட விரிவு, அவரு எந்த துறைன்னு ரெண்டு வார்த்தை, இவ்ளோ தான் கேக்கறேன்.

இதுக்குப் போயி ஒருத்தன் லெட்டர் எழுதுவானான்னு நினைக்கலாம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கேன் ஐயா. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலிக்கு அடுத்தபடியா எங்களுக்கு வர்ற ஆர்டர்னா ஸ்கூல் விழாவும் தலைவர்கள் பிறந்தநாளும் தான், அதுக்கு அவங்க கொண்டு வர்றது ஒண்ணு உங்க பேப்பரை போன்ல எடுத்த போட்டோ, இல்லன்னா நெட்ல முதல்ல வந்து நின்ன படம்.

பிப்ரவரி 28 அறிவியல் தினத்துக்கு ஒரு ஸ்கூல்லேர்ந்து ஆர்டர் வந்துச்சு, ஆறுக்கு நாலு, நோபல் பரிசு வாங்கின தமிழர்கள்னு தலைப்பு. சர் சி.வி.ராமன் படம் சரி, வெங்கி ராமகிருஷ்ணன் படமும் சரி, நடுவுல சந்திரசேகர்னு ஒரு பழைய கறுப்பு வெள்ளை படம், வெள்ளை முழுக்கை சட்டை மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டிருக்கு. டிசைன் பண்ற தம்பி பேக்ரவுண்டை கட் பண்ணிட்டே இருந்தவன் கைகிட்ட வந்ததும் ஜூம் பண்ணி பாத்துட்டு "அண்ணே, பந்து வச்சிருக்காருண்ணே, இவரு பௌலர்"ன்றான். ஆர்டர் குடுத்த சாருக்கு போன் போட்டா, "சந்திரசேகர்னு தான் தம்பி அடிச்சேன், இதான் வந்துச்சு, நல்லா இருக்கேன்னு அனுப்பிட்டேன்"ன்றாரு!

அவரையும் குத்தம் சொல்ல முடியாது. பி.எஸ்.சந்திரசேகர் ஒண்ணும் சாதாரண ஆளு இல்ல, சின்ன வயசுல போலியோ வந்து மெலிஞ்ச அதே வலது கையால லெக் ஸ்பின் போட்டு 1971ல ஓவல்ல 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணுல இந்தியாவுக்கு முதல் தொடர் வெற்றி வாங்கிக் குடுத்தவரு. அவருக்குன்னு தனியா ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சா நானே பாதி ரேட்டுக்கு அடிச்சுத் தருவேன். ஆனா 1983ல நோபல் வாங்கினது அவரு இல்லையே.

சரி, எஸ்.சந்திரசேகர்னு இனிஷியலோட அடிச்சா சரியா வந்துடுமான்னு பாத்தா அங்க தான் கூத்தே. எஸ்.சந்திரசேகர்னு பேர் போன ஆளுங்க மூணு பேர் இருக்காங்க. முதல் ஆளு சுப்ரமணியன் சந்திரசேகர், சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்சுட்டு 1930ல இங்கிலாந்துக்கு கப்பல்ல போகும்போதே எரிஞ்சு அடங்கின நட்சத்திரம் எந்த எடைக்கு மேல போனா தாங்காதுன்னு கணக்கு போட்டவரு, 1999ல நாசா விட்ட சந்திரா டெலஸ்கோப் இவரு பேரு தான். ரெண்டாவது சிவராமகிருஷ்ணன் சந்திரசேகர், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1977ல தட்டு வடிவ மூலக்கூறுலயும் திரவப் படிகம் (லிக்விட் கிரிஸ்டல், திரவம் மாதிரி ஓடும், ஆனா படிகம் மாதிரி ஒழுங்கும் இருக்கும்) உண்டுன்னு கண்டுபிடிச்சவரு. மூணாவது ஸ்ரீபதி சந்திரசேகர், மக்கள்தொகை அறிஞர், 1967ல இந்திரா காந்தி மந்திரிசபையில சுகாதாரமும் குடும்பக் கட்டுப்பாடும் பாத்தவரு. இதுல முதல் ரெண்டு பேரும் ஒரே குடும்பம், ஒருத்தர் சி.வி.ராமனோட அண்ணன் மகன், இன்னொருத்தர் சகோதரி மகன். ராமனோட இனிஷியல்ல இருக்கற சி இருக்கே, அது அவங்கப்பா சந்திரசேகர ஐயர், தாத்தா பேரை பேரனுக்கு வைக்கற நம்ம ஊர் வழக்கத்துல ரெண்டு பேருக்கும் அதே பேரு அமைஞ்சுடுச்சு. பத்தாததுக்கு 1990ல பிரதமரா வந்தவரும் சந்திரசேகர். அதனால தான் சொல்றேன், எஸ்.னு போட்டு நிறுத்தாதீங்க, விரிச்சுப் போடுங்க.

நாம சாதிப் பேரை பேருக்குப் பின்னாடி ஒட்டறதை விட்டுட்டோம், மத்த மாநிலத்துக்காரன் இன்னும் விடல, அந்த வகையில நமக்குப் பெருமை தான். ஆனா அதை விட்டதுக்கப்புறம் ஆளை அடையாளம் காட்ட மிச்சம் இருக்கறது இந்த ஒத்தை எழுத்து தான, அதையும் இடம் பத்தலன்னு வெட்டினா எப்படி? எம்.எஸ்.னா எங்க வீட்டு பெரியவங்களுக்கு பாட்டு, சுப்புலட்சுமி அம்மா, அங்க எம் மதுரை, எஸ் அவங்கம்மா சண்முகவடிவு. எம்.எஸ்.விஸ்வநாதனுக்கு மனயங்கத்து சுப்பிரமணியன். எம்.எஸ்.சுவாமிநாதனுக்கு மங்கொம்பு சாம்பசிவன், இவரு ஃபவுண்டேஷன் தான் புதுச்சேரி வில்லியனூர்ல 1998 வாக்கிலயே கிராமத்து ஜனங்களுக்கு கம்ப்யூட்டர் வச்சு தகவல் மையம் நடத்துச்சு. இந்த சுவாமிநாதனையும் தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையரையும் குழப்பிக்கறவங்க கூட இருக்காங்கன்னா நம்புவீங்களா, நான் பாத்திருக்கேன்.

சுப்பிரமணியத்துக்கு வர்றேன், நம்ம புதுச்சேரி பக்கம் அதிகமா அடிபடற பேரு அது தான். 1904ல மதுரையில வாத்தியாரா இருந்த ஒரு சுப்பிரமணியத்தை சுதேசமித்திரன் பத்திரிகையில வேலைக்கு எடுத்தவரும் ஒரு சுப்பிரமணியம், ஜி.சுப்பிரமணிய ஐயர். வேலைக்குச் சேந்த அந்த வாத்தியார் தான் பாரதியார். 1908ல பாரதியார் புதுச்சேரிக்கு வர்றாரு, 1910ல வ.வே.சு.ஐயர் வந்து சேர்றாரு, அவரு பேரும் சுப்பிரமணியம் தான், வரகனேரி வேங்கடேச சுப்பிரமணியம். பாரதியார் 1908ல இங்க வந்த அதே வருஷம் வ.உ.சி.யோட சேத்து ஜெயிலுக்குப் போனவரு சுப்பிரமணிய சிவா. இப்ப குழப்பத்தைப் பாருங்க, வ.வே.சு.ஐயர் பாபநாசம் அருவியில போனது 1925 ஜூன்ல, சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில காலமானது அதே 1925 ஜூலையில. 1925ல மறைந்த சுதந்திர வீரர் சுப்பிரமணியம்னு மட்டும் போட்டா யாரு படத்தை நான் வைக்கறது? பாரதியார் இருந்த வீடு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில இன்னைக்கும் மியூசியமா இருக்கு, கொஞ்சம் தள்ளி பெருமாள் கோயில் வீதியில பாரதிதாசன் மியூசியம், அவரு சொந்தப் பேரு சுப்புரத்தினம், இதுலயும் ஒரு சுப்பு! பசுமைப் புரட்சி காலத்துல விவசாய மந்திரியா இருந்து 1998ல பாரத ரத்னா வாங்கின சி.சுப்பிரமணியமும் சி., பாரதியாரும் சி., ஒருத்தருக்கு சிதம்பரம், இன்னொருத்தருக்கு சின்னசாமி.

தைப்பூசத்துக்கு வடலூர் போற கூட்டத்துக்கு வரவேற்பு பேனர் ஒண்ணு வந்துச்சு, மேல வள்ளலார் ஜோதி, கீழ நாமக்கல் கவிஞரோட பாட்டு வரி. ரெண்டு பேரும் ராமலிங்கம், ரெண்டு பேரும் கவிஞர், அதனால வந்த வினை. வடலூர்ல 1867ல தருமசாலை அடுப்பு மூட்டின ராமலிங்க அடிகள் சித்தியடைஞ்சது 1874, நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை பொறந்ததே 1888, இவரு 1930ல வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு பாட்டு எழுதிக் குடுத்தவரு. நம்ம மாவட்டத்துலயே இப்படி நடந்தா எப்படிங்க. நல்லவேளை பேனர் கட்டறதுக்கு முன்னாடி ஒரு பாட்டி படிச்சுட்டு "இது ஐயா பாட்டு இல்லையேப்பா"ன்னுடுச்சு.

எனக்கு நெஜமா வருத்தம்னா அது ராமச்சந்திரன் விஷயத்துல தான். ராமச்சந்திரன்னா எம்ஜிஆர், அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல (அவரு இனிஷியல்ல இருக்கற மருதூர் வள்ளலார் பொறந்த நம்ம மருதூர் இல்ல, அது பாலக்காட்டுப் பக்கம், இதையும் தப்பா சொல்றாங்க). ஆனா சென்னை யுனிவர்சிட்டில ஜி.என்.ராமச்சந்திரன்னு ஒருத்தர் இருந்தாரு, நம்ம தோலு, எலும்பு, தசைநார் எல்லாத்துலயும் இருக்கற கொலாஜன் புரதம் மூணு இழை முறுக்கின மாதிரி இருக்குன்னு 1954லயே சொன்னவரு, 1963ல ராமகிருஷ்ணன், சசிசேகரன்னு ரெண்டு பேரோட சேர்ந்து புரதம் எப்படியெல்லாம் மடங்கலாம்னு அவரு போட்ட வரைபடத்தை ராமச்சந்திரன் ப்ளாட்னு உலகம் பூரா பயோகெமிஸ்ட்ரி புக்ல இன்னைக்கும் படிக்கறாங்க. எம்ஜிஆர் பிறந்தநாளுக்கு கடையில தூங்க நேரம் இருக்காது, ஜி.என்.ராமச்சந்திரனுக்கு ஒரு ஸ்கூல்லேர்ந்து கூட ஆர்டர் வந்தது இல்ல. அந்த 1963 ராமகிருஷ்ணனும் 2009ல நோபல் வாங்கின ராமகிருஷ்ணனும் வேற வேற. நோபல்காரர் பொறந்தது நம்ம சிதம்பரத்துல, அவரு சொந்தப் பேரு வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் அவங்கப்பா பேரு, வெளிநாட்டுல அப்பா பேரை சொல்லியே கூப்பிட்டு அதுவே நிலைச்சுடுச்சு.

சினிமா பக்கமும் சொல்லிடறேன். 1954லயே பாட்டில்லாத தமிழ்ப் படம் எடுத்தவரு வீணை எஸ்.பாலச்சந்தர், 1990ல காலமானாரு. கே.பாலச்சந்தர் 2014 வரைக்கும் இருந்தவரு. கல்கின்னா ரா.கிருஷ்ணமூர்த்தி, ஆனா புதுச்சேரியில பொறந்த இந்தி நடிகை கல்கி கோச்லினும் கல்கி தான், அந்தப் படம் வந்தா பாத்தாவது தெரிஞ்சுடும்.

ஏப்ரல் 25 புதுமைப்பித்தன் பிறந்தநாள் ஐயா. சொந்தப் பேரு சோ.விருத்தாசலம், ஊர் பேரே ஆள் பேரா இருக்கறதால விருத்தாசலத்துல பொறந்தவருன்னு பல பேர் நினைச்சுக்கறாங்க, 1906ல பொறந்தது எங்க திருப்பாதிரிப்புலியூர்ல. அன்னைக்கு உங்க பேப்பர்ல சொக்கலிங்கம் மகன் விருத்தாசலம், சிறுகதை எழுத்தாளர்னு முழுசா போடுங்க, படத்தையும் ஸ்டாம்பு சைஸ்ல போடாம கொஞ்சம் பெருசா போடுங்க, போன்ல எடுத்து எட்டு அடிக்கு இழுத்தா மூஞ்சி பூரா கட்டம் கட்டமா உடையுது.

இப்படிக்கு,
ஃப்ளெக்ஸ் கடை வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர் - 1