நெல்சன் சாட்சி சொன்ன கர்னல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனைப் பற்றி எழுதியவர், 1780-இல் நிகராகுவா படையெடுப்பில் அவரோடு உடுத்திய உடையுடன் வெறுந்தரையில் படுத்துறங்கிய அயர்லாந்துக்காரர் கர்னல் எட்வர்டு டெஸ்பார்டை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம்.

மத்திய அமெரிக்காவில் இன்றைய பெலிஸ் நாட்டில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றத்தின் கண்காணிப்பாளராக இருந்த டெஸ்பார்டு, மொஸ்கிட்டோ கடற்கரையிலிருந்து (இன்றைய நிகராகுவா, ஹோண்டுராஸ் நாடுகளின் கிழக்குக் கரை) 1787-இல் வந்திறங்கிய 2,000-க்கும் மேற்பட்டோரில் அடிமைகள் அல்லாதவர்களுக்கு, நிறம் பார்க்காமல் சீட்டுக் குலுக்கி மனை ஒதுக்கினார். அடிமைகளுக்கு அந்தக் குலுக்கலில் இடமில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும், மகாகனி மரம் வெட்டிக் கொழித்த வெள்ளையர்களுக்கு அதுவே பொறுக்கவில்லை. லண்டனுக்குப் புகார்கள் பறந்தன, 1790-இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார்.

பின்னர் தீவிர சீர்திருத்த இயக்கங்களில் சேர்ந்த அவர்மீது மன்னரைக் கொல்லச் சதி செய்ததாக ராஜத்துரோக வழக்குத் தொடரப்பட்டபோது, நெல்சனே நேரில் வந்து அவருடைய நன்னடத்தைக்குச் சாட்சியம் அளித்தார். கருணை காட்டுமாறு நடுவர் குழு பரிந்துரைத்தும், 1803 பிப்ரவரி 21 அன்று மேலும் அறுவருடன் அவர் தூக்கிலிடப்பட்டார்.

முன்னதாக 1798-இல் விசாரணையின்றி அவர் அடைக்கப்பட்டிருந்தபோது, சிறைக் கொட்டடியின் கொடுமையைக் கடிதங்கள் மூலம் நாடாளுமன்றம் வரை கொண்டுசென்றவர், கறுப்பினத்தவரான அவருடைய மனைவி கேத்தரின். அவரைப் பற்றியும் தாங்கள் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி